சென்னையில் ஓட்டக் குழுவோடு ஓடுவது எப்படி: சேர்வது முதல் நடத்துவது வரை

நெடுந்தூர ஓட்டத்திற்கு இன்னொருவர் தேவையில்லை என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் சென்னையில் நீண்ட ஓட்டம் என்றால் நாலரை, ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஏழு மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளாமல் எழ வைப்பது, கடற்கரைச் சாலையில் நாலு பேர் காத்திருப்பார்கள் என்ற நினைப்புதான். 2006-இல் சென்னை ரன்னர்ஸ் அமைப்பு தொடங்கப்பட்டு, 2012-இல் அது தன் முதல் மாரத்தானை நடத்திய பிறகு, நகரின் பல பகுதிகளில் சிறிதும் பெரிதுமாகக் குழுக்கள் உருவாகிவிட்டன. எனவே குழு கிடைப்பது இன்று கடினமில்லை. உங்களுக்குப் பொருந்தும் குழுவைக் கண்டுபிடித்து, அதில் நிலைத்து, தேவைப்பட்டால் நீங்களே ஒன்றை நடத்துவதற்குத்தான் கொஞ்சம் வழிமுறை வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துகிறேன்: கடைசியாக ஓடி வருபவரைக் குழு எப்படி நடத்துகிறது என்பது. முன்னால் ஓடுகிறவர்களை எந்தக் குழுவும் நன்றாகத்தான் நடத்தும்.

முதல் படி: உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

குழுவில் முதலில் கேட்கப்படும் கேள்வி "உங்க பேஸ் என்ன?" என்பதாகத்தான் இருக்கும். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு. தனியாக ஒரு நாள் ஐந்து கிலோமீட்டர் தூரத்தை, ஓடிக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற அளவு நிதானத்தில் கடந்து, ஆன நேரத்தை ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் ஆனால் உங்கள் பேஸ் எட்டு. மூச்சிரைக்க ஓடிப் பெற்ற எண்ணைக் குழுவில் சொல்லாதீர்கள். அந்த எண்ணை நம்பி உங்களை வேகமானவர்களோடு சேர்த்துவிடுவார்கள், மூன்றாவது கிலோமீட்டரிலேயே நீங்கள் தனியாகிவிடுவீர்கள்.

ஐந்து கிலோமீட்டர் தொடர்ந்து ஓட முடியாவிட்டாலும் குறையில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, வாரந்தோறும் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே போனால் இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலானோருக்கு அது கைகூடிவிடும். பல குழுக்கள் புதியவர்களுக்கென்றே இப்படித் தனி வகுப்பு நடத்துகின்றன. சேர்வதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் ஒரே நாளில் ஒரே நிலையில் தொடங்குகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்களும் இதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: குழுவைத் தேர்ந்தெடுங்கள்

புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து இருசக்கர வாகனத்தில் கால் மணி நேரத்திற்குள் போக முடிகிற இடத்தில் கூடும் குழுவே உங்களுக்கான குழு. அண்ணா நகரில் இருப்பவர் பெசன்ட் நகர்க் குழுவில் சேர்ந்தால் முதல் மாதம் உற்சாகமாகப் போவார். இரண்டாம் மாதம் ஏதாவது காரணம் சொல்ல ஆரம்பிப்பார். டவர் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவர்கள் அவர் வீட்டருகிலேயே இருக்கக்கூடும். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் தனிக் குழுக்களே உண்டு. வளாகத்தின் அறிவிப்புப் பலகையையோ காவலாளியையோ விசாரித்தால் தெரிந்துவிடும். காவலாளிக்கு நிச்சயம் தெரியும், நாலரைக்குக் கதவைத் திறந்துவிடுபவர் அவர்தானே.

இரண்டு மூன்று குழுக்களைக் குறித்துக்கொண்டபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றின் ஓட்டம் முடிகிற இடத்துக்கும் போய்ச் சும்மா நின்று பாருங்கள். கடைசியாக வருபவர் யார், அவரோடு யாராவது கூட வருகிறார்களா, அவர் வந்து சேரும்போது தண்ணீர்க் கேனில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா, மற்றவர்கள் நிற்கிறார்களா அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்பவற்றைக் கவனித்தால் போதும். பயிற்சியாளர் எத்தனை மாரத்தான் ஓடியவர், குழுச் சட்டை என்ன நிறம் என்பவை அதற்குப் பிறகு வரும் விவரங்கள்.

கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் குழுக்களும் உண்டு, கட்டணமே இல்லாத குழுக்களும் உண்டு. குறிப்பிட்ட பந்தயத்திற்காகத் திட்டமிட்ட பயிற்சி வேண்டுமென்றால் கட்டணம் நியாயமானதே. துணைக்கு ஆள் மட்டும் வேண்டுமென்றால் அது அவசியமில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நகரின் ஓட்டக் குழுக்களில் அலுவலக உத்தியோகத்தில் இருப்பவர்களே அதிகம்; பேச்சும் அறிவிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன; பெரிய பந்தயங்களில் பதிவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதே மெரினாவில் அதே நேரத்தில் இன்னொரு ஓட்டச் சமூகமும் ஓடிக்கொண்டிருக்கிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே குறியோடு, சிலர் வெறுங்காலிலேயே, மணலிலும் சாலையிலும் பயிற்சி செய்கிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் கடந்து போகிறார்களே ஒழியப் பேசிக்கொள்வது அரிது. தேர்வுக்குப் பிறகும் ஓட விரும்பும் ஓர் இளைஞர் வந்து நின்றால் தமிழில் வரவேற்கக்கூடிய குழுவா என்று பாருங்கள். அப்படிப்பட்ட குழு உங்களையும் நன்றாகவே வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: முதல் சில வாரங்கள்

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குக் கால்கள் நகரத் தொடங்கிவிடும். தாமதமாக வருபவருக்காக இருபது பேர் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. பெயர், பேஸ், அன்று ஓட நினைக்கும் தூரம், உடலில் ஏதாவது தொல்லை இருந்தால் அது, இந்த நான்கையும் ஒருங்கிணைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் திரும்பினால் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருக்கும் ஒருவரை, விழுந்து கிடக்கிறாரோ என்று மூன்று பேர் சாலை சாலையாகத் தேடுவது குழுக்களில் நடக்கிற கதைதான்.

எப்படி அழைப்பது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. வயது வித்தியாசம் பாராமல் பெயர் சொல்லி அழைக்கும் குழுக்களும் இருக்கின்றன. அறுபது வயதுக்காரரை அப்படி அழைக்க வாய் வராவிட்டால் "சார்", "அண்ணா", "அக்கா" என்றே அழையுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிக முக்கியமானது, ஓட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஓடும்போது நடக்கும் பேச்சு துண்டு துண்டானது. மனிதர்கள் பழக்கமாவது அதன்பின் காபி குடிக்கும் அரைமணி நேரத்தில்தான். மயிலாப்பூரிலோ பெசன்ட் நகரிலோ ஞாயிறு ஏழரை மணிக்கு ஏதாவதொரு சிற்றுண்டி விடுதியின் வாசலைப் பார்த்தால் தெரியும்: வியர்வையில் நனைந்த சட்டையோடு உள்ளே நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, டபராவைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்றே பொங்கலுக்குச் சீட்டு வாங்க யார் போவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வண்டியில் ஓர் உலர்ந்த சட்டையும் சிறு துண்டும் வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் இல்லை, விடுதிக்காரர்களும் மகிழ்வார்கள். காபிக்கு நிற்காதவர் ஆறு மாதம் ஓடினாலும் "அந்த நீலச் சட்டைக்காரர்" என்றுதான் அறியப்படுவார்.

நான்காம் படி: வெவ்வேறு வேகக்காரர்கள் ஒன்றாக ஓடுவது

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கு எளிது: ஆறு நிமிட பேஸில் ஓடுபவர் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிப்பார்; எட்டு நிமிட பேஸில் ஓடுபவருக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடம் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே தூரம் என்று வைத்தால் மெதுவாக ஓடுபவர் தனிமைப்படுவது உறுதி. இதற்கு மூன்று நல்ல ஏற்பாடுகள் உண்டு.

முதலாவது, தூரத்துக்குப் பதிலாக நேரத்தை வைத்துக்கொள்வது. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முப்பது நிமிடம் ஆனதும் அவரவர் இருக்கும் இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். வேகமானவர் ஐந்து கிலோமீட்டர் போயிருப்பார், மெதுவானவர் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போயிருப்பார். அவரவர் வேகத்தை மாற்றாமல் திரும்பினால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வார்கள். திரும்பும்போது வேகமானவர்கள் மற்றவர்களுக்குப் பின்னாலிருந்து நெருங்கி வருவதால், வழியில் யாராவது சிரமப்பட்டால் கண்ணில் படாமல் போகாது. வாரநாள் ஓட்டங்களுக்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, குறுகிய சுற்றுகளில் ஓடுவது. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கும் இங்குமாகப் போய் வந்தால் எல்லோரும் எல்லோரையும் எதிரெதிரே பலமுறை பார்த்துக்கொள்வார்கள். எலியட்ஸ் கடற்கரைச் சாலையும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர் போவது பார்க்க அழகாக இருக்கும். குழு மட்டும் நூல் போல் இழுபட்டு அறுந்துவிடும்.

மூன்றாவது, நீண்ட ஓட்டங்களில் பேசர், ஸ்வீப்பர் என்று இரண்டு பொறுப்புகளை முன்கூட்டியே ஒப்படைப்பது. பேசர் சொன்ன வேகத்தை மீறாமல் முன்னே நடத்திச் செல்பவர். ஸ்வீப்பர் கடைசி ஆளுக்குப் பின்னால் வருபவர். ஸ்வீப்பர் வேலையை எப்போதும் மெதுவாக ஓடுபவர் தலையிலேயே கட்டக் கூடாது. குழுவிலேயே வேகமானவர் முறை வைத்து அதைச் செய்யும்போதுதான் மெதுவாக ஓடுவது ஒரு தாழ்வு அல்ல என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிகிறது.

காத்திருப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று சேர்ந்துகொள்வோம் என்று வைத்திருக்கும் குழுக்களில், முன்னால் போனவர்கள் ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அந்த நொடியே "சரி, போகலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை. கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் அதே விதி. நீண்ட ஓட்டத்தில் யாராவது ஒருவர் காரிலோ ஸ்கூட்டரிலோ தண்ணீர்க் கேன், வாழைப்பழம், உப்புத் தடவிய ஆரஞ்சுச் சுளை ஆகியவற்றோடு வழியில் நிற்பது வழக்கம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். மணிக்கணக்காக ஓடும்போது தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னாலோ "கொஞ்சம் தூரம்தான், வாங்க" என்று உற்சாகப்படுத்தக் கூடாது. உடனே நிழலில் கிடத்தி 108-ஐ அழைக்க வேண்டும். உடல் அனலாகக் கொதித்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திராமல் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, பனிக்கட்டி கிடைத்தால் வைத்துக் குளிர்விக்க வேண்டும். வெப்பத்தாக்கில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஒவ்வோர் உறுப்பினரின் இரத்த வகையும் வீட்டார் தொலைபேசி எண்ணும் ஒருங்கிணைப்பவர் கைபேசியில் இருப்பது இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: சாலையும் ஊரும்

நம் சாலைகளில் வாகனங்கள் இடப்பக்கம் போவதால், நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இருவருக்கு மேல் அருகருகே ஓடக் கூடாது. ஒளி பிரதிபலிக்கும் பட்டையோ வெளிர் நிறச் சட்டையோ கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்காது என்பதோடு, பக்கத்தில் ஓடுபவரிடம் "பேசாதே" என்று சொல்வதற்கும் அது சமம்.

அந்த நேரத்தில் சாலை நமக்கு மட்டும் சொந்தமில்லை. தூங்குகிறவர்கள் இருக்கும் தெருவில் இருபது பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனால் அடுத்த வாரம் யாராவது மாடியிலிருந்து திட்டுவார்கள், திட்டுவதும் நியாயம். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஐந்து மணிக்கே கோலம் போடத் தொடங்கிவிடுவார்கள். வாசல் தாண்டி நடுத்தெரு வரை புள்ளி வைத்திருப்பார்கள். அங்கே ஓட்டத்தை நடையாக்கி, ஒருவர்பின் ஒருவராக ஓரத்தில் போவதே முறை. நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திச் சேர்ந்து நடந்து கடந்துவிடுங்கள்; ஓட ஓடத்தான் அவை துரத்தும்.

பெண்களின் கணக்கு வேறு. ஐந்து மணிக்கு ஓட வேண்டுமானால் நாலே முக்காலுக்கு இருட்டில் தனியாக வண்டி ஓட்டி வர வேண்டும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிறது. ஆகவே "பெண்களும் வரலாம்" என்று அறிவித்துவிட்டால் குழுவின் பொறுப்பு முடிந்துவிடாது. ஒரே பகுதியிலிருந்து வருபவர்கள் சேர்ந்து வர ஏற்பாடு, விளக்கு எரியும் பாதை, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கழிப்பறை எங்கே என்ற தகவல், இந்த மூன்றும் இருந்தால் பெண்கள் வருகிறார்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கின் கழிப்பறை பூட்டியிருக்கிறதா என்று முந்தைய வாரமே பார்த்துவைக்கும் ஒருங்கிணைப்பாளர், பயிற்சித் திட்டம் எழுதுபவரைவிடப் பயனுள்ளவர். கேட்காமல் படமெடுத்துப் பதிவேற்றுவதும், கேட்காமல் ஓடும் தோரணையைத் திருத்த முனைவதும் யாரிடமும் கூடாது. பெண்களிடம் இவ்விரண்டும் அதிகமாகவே நடக்கின்றன.

ஆறாம் படி: வாட்ஸ்அப்பும் வீடும்

குழுவின் வாட்ஸ்அப்பில் நேரம், இடம், பாதை, யார் வருகிறார்கள் என்பவை மட்டும் போதும். காலை வணக்கப் படங்களும் அரசியலும் நுழைந்தால் முக்கிய அறிவிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். அரட்டைக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஓடிய பாதையையும் நேரத்தையும் பதிந்து பிறரோடு பகிரும் ஸ்ட்ராவா செயலியைப் பயன்படுத்துபவர்கள் ஓட்டம் தொடங்கி முடியும் இடத்தை மறைக்கும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலை ஊருக்கே காட்டுவதாகும். அடுத்தவர் வேகத்தை அங்கே பார்த்துவிட்டு, நிதானமாக ஓட வேண்டிய செவ்வாய்க்கிழமையைப் பந்தயமாக்கிக் கால்களைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு.

வீட்டாரோடு ஓர் உடன்பாடு இல்லாமல் இது நடக்காது. ஞாயிறு காலை நாலு மணி நேரம் நீங்கள் வெளியே. சனி இரவு ஒன்பதரைக்கே தூக்கம். திருமண வரவேற்பில் பாதியில் எழுந்து வருவது வேறு. எந்த மாதங்களில் பயிற்சி கடுமை, எப்போது ஓய்வு என்பதை முன்பே சொல்லி, பதிலுக்கு எந்த வேலை உங்களுடையது என்று தீர்த்துக்கொள்ளுங்கள். முடிகிற இடத்துக்கு ஒரு நாள் குடும்பத்தையும் வரச்சொல்வது நல்லது. அந்தக் காபிக்கூட்டத்தைப் பார்த்தபின் எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

ஏழாம் படி: மழைக்காலமும் பந்தய நாளும்

சென்னை மாரத்தான் இப்போது ஜனவரியில் நடக்கிறது. 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகுபவர்களின் முப்பது கிலோமீட்டர் அளவிலான நீண்ட ஓட்டங்கள் இதனால் நவம்பர், டிசம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழுகின்றன. அடி தெரியாத தண்ணீரில் கால் வைப்பதில்லை என்பது மாற்றமில்லாத விதி. மூடியில்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீண்ட ஓட்டத்தைத் தள்ளிவைக்கும் முடிவை முந்தைய இரவே ஒருவர் எடுத்து அறிவித்துவிட வேண்டும். நாலு மணிக்கு நாற்பது பேர் வானிலை விவாதம் நடத்தினால் பாதிப் பேர் எப்படியும் கிளம்பி வந்துவிடுவார்கள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் நண்பர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசிவரை சேர்ந்து ஓடுகிறோமா, முடியாத இடத்தில் பிரிந்துகொள்கிறோமா? இதைப் பேசாமல் விட்டு முப்பதாவது கிலோமீட்டரில் பிரிந்தவர்களின் மனக்கசப்பு ஆறச் சில மாதங்கள் ஆகும். வர முடியாத நண்பரின் பிப்பை, அதாவது சட்டையில் குத்தும் பந்தய எண் அட்டையை, குத்திக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் விழுந்தால் மருத்துவக் குழு அவருடைய வீட்டுக்குத்தான் தொலைபேசி செய்யும். காயத்தால் ஓட முடியாதவர்களைத் தண்ணீர் கொடுக்கவும் உற்சாகப்படுத்தவும் அழையுங்கள்; குழுவிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்களில் பலர் காயம்பட்டவர்களே.

நேரமும் பரிசும் சலித்துவிட்டால் ஆரோவில் மாரத்தானுக்குக் குழுவாகப் போய் வாருங்கள். 2008 முதல் பிப்ரவரியில் நடக்கும் அந்த ஓட்டத்தில் நேரக் கணக்கும் இல்லை, பரிசும் இல்லை. செம்மண் காட்டுப்பாதையில் ஓடி முடித்துச் சேர்ந்து உணவருந்துவதுதான் எல்லாம். நேரத்தைக் கணக்கிடாமல் ஓடும்போது யார் யாரோடு ஓடுகிறார்கள் என்பதைப் பார்க்கச் சுவாரசியமாக இருக்கும்.

எட்டாம் படி: நீங்களே தொடங்குவதென்றால்

உங்கள் பகுதியில் குழு இல்லையென்றால் மூன்று பேர் போதும். நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் மாற்றவே மாற்றாதீர்கள். இந்த வாரம் சனி, அடுத்த வாரம் ஞாயிறு என்று வசதி பார்த்தால் நாலாவது ஆள் வந்து நிற்கும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மூவரில் ஒருவராவது எப்போதும் வந்துவிட வேண்டும். பெயர், சட்டை, சின்னம் எல்லாம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருபது பேரைத் தாண்டியதும் பேஸ் வாரியாக இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். தொடங்கும் இடமும் காபி குடிக்கும் இடமும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தண்ணீர், பழம் வாங்கும் செலவைச் சிறு தொகையாக வசூலித்து, மாதம் ஒருமுறை கணக்கைக் குழுவில் போட்டுவிடுங்கள். பத்து ரூபாய்க் கணக்கில் வரும் சந்தேகம் ஆயிரம் ரூபாய்ப் பகையாக வளரும். பாதை, தண்ணீர், ஸ்வீப்பர் ஏற்பாடு ஆகியவற்றை ஒரே ஆள் ஓராண்டுக்கு மேல் சுமந்தால் சலித்துப்போய் ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவார், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். வாராந்தர ஓட்டம் பந்தயமாக வளர்ந்து, மேசை, பதாகை, சாலையை மறிக்கும் கூட்டம் என்று ஆகிவிட்டால் காவல் துறையிடமும் மாநகராட்சியிடமும் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தேதி அறிவிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.